ஃபால்ட்டுக்குக் காத்திருந்த பெட்டி

சும்மா நிற்கிற ஒரு பெட்டியைப் பார்த்துக்கொள்ள ஒரு பொறியாளருக்கு மாதாமாதம் சம்பளம் கொடுத்தார்கள் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். அந்தத் துணைமின் நிலையத்தில் அதுதான் நடந்தது. சுற்றுச்சுவருக்கு உள்ளே, ஹூம் ஹூம் என்று முனகிக்கொண்டிருக்கும் டிரான்ஸ்ஃபார்மர்களுக்கும் பிரேக்கர்களுக்கும் நடுவில், ஆளைவிட உயரமான வெள்ளைத் தொட்டி ஒன்று நின்றது. உள்ளே திரவ நைட்ரஜன், பூஜ்யத்துக்குக் கீழே கிட்டத்தட்ட இருநூறு டிகிரிக் குளிரில். அந்தக் குளிரில் மூழ்கிக் கிடந்தது நாடா நாடாவாகச் சுற்றி வைத்த மீகடத்தி. அதைக் கட்டிக்கொண்டு மாரடித்த பொறியாளருக்கு அலுவலகம் முழுக்க ஒரே பெயர்தான்: ஐஸ்பெட்டி அக்கா. ஓய்வு பெறப் போகிறவர்கள்கூட அவளை அக்கா என்றார்கள். முதலில் முறைத்துப் பார்த்தாள், பிறகு சலித்துப்போய் விட்டுவிட்டாள்.

பெட்டியின் வேலை என்ன என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், அவளுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். சாதாரணக் கம்பி எப்போதும் மின்சாரத்தைக் கொஞ்சம் மறித்துக்கொண்டே இருக்கும், அதனால்தான் சூடாகிறது. மீகடத்தியைப் போதுமான குளிரில் வைத்துவிட்டால் அது மறிக்கவே மறிக்காது, தடை என்ற பேச்சே கிடையாது. ஆனால் ஃபால்ட் என்கிறார்களே, அதுபோல லைனில் எங்காவது ஷார்ட் ஆகி, கண்மண் தெரியாமல் கரண்ட் பாய்ந்து வந்தால், நாடாவால் தாங்க முடியாது. கண் இமைப்பதற்குள் அது தன் குணத்தை இழந்து, எல்லாக் கம்பியையும்விடப் பிடிவாதமாக முறுக்கிக்கொண்டு நிற்கும். வந்த வெள்ளம் அங்கேயே மூச்சுத் திணறும். அதற்குள் பிரேக்கர் நிதானமாகத் திறந்து லைனை வெட்டிவிடும். பட்ட சூட்டைப் பெட்டி மேலே இருக்கும் குழாய் வழியாக வெள்ளைப் பனியாக ஊதித் தள்ளிவிட்டு, மறுபடி குளிர்ந்து, மறுபடி சும்மா இருக்கும்.

"அதாவது," என்று அவள் மாமியார் ஒருநாள் துணி மடித்துக்கொண்டே சொன்னார், "ஒழுங்கா வர்றவங்களை யார் எவர்னு கேக்காம உள்ள விடும். தள்ளுமுள்ளு பண்ணிட்டு வந்தா கதவை அடைச்சுடும். இவ்வளவுதானே?"

"இவ்வளவுதான் அத்தை."

"இதைச் சொல்லவா ராத்திரி சாப்பாட்டை ஆறவிட்ட?"

சிக்கல் என்னவென்றால், தள்ளுமுள்ளு பண்ணிக்கொண்டு யாரும் வரவில்லை. பெட்டியை ஒரு வருடச் சோதனைக்காகப் பொருத்தியிருந்தார்கள். வேண்டுமென்றே, ஊரிலேயே தறுதலை என்று பெயர் வாங்கிய ஃபீடரில்தான் பொருத்தினார்கள். நிலையத்திலிருந்து கொஞ்ச தூரம் மண்ணுக்கு அடியில் கேபிளாகப் போய், அப்புறம் கம்பம் ஏறி ஊர் சுற்றப் போகும் லைன் அது. முன்பெல்லாம் அது மாதம் ஒருமுறையாவது ஏதாவது ரகளை செய்து, பக்கத்து லைன்களில் எல்லாம் விளக்கை மினுக்க வைத்து, லிஃப்டில் போகிறவர்களை நடுவழியில் நிறுத்திவிடும். பெட்டி வந்த நாளிலிருந்து அந்த ஃபீடர் பரம சாது ஆகிவிட்டது. மழை வந்தது, காற்று வந்தது, மரம்கூட விழுந்தது. எல்லாம் வேறு ஃபீடரில். அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இடி இடித்தால் தெருவில் எல்லோரும் மாடிக்கு ஓடிக் காயப்போட்ட துணியை எடுப்பார்கள். இவள் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்து நிற்பாள். "ஒண்ணே ஒண்ணு, நல்லதா ஒண்ணு" என்று முணுமுணுப்பாள்.

"ஊருக்குக் கரண்ட் போகணும்னு வேண்டிக்கிற கரண்ட் ஆபீஸ்காரி உலகத்துலயே நீ ஒருத்திதான்" என்பான் கண்ணாடிக்கடை வைத்திருந்த கணவன். "வெளியில சொல்லிடாத, அடிக்க வருவாங்க."

அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. வருடம் முடியப் போகிறது. முடிவு சொல்ல வேண்டியவர் தலைமைப் பொறியாளர். எதைக் கொண்டுபோய் நீட்டினாலும் மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்த்து, "சரி, இதால என்ன பிரயோஜனம்?" என்று ஒரே கேள்வியைக் கேட்பார். அதனால் அவருக்குப் பிரயோஜனம் சார் என்றே பெயர், முதுகுக்குப் பின்னால் மட்டும். மோசமான மனிதர் இல்லை. கேபிள் பழுது பார்க்கும் பிரிவில் மண்ணோடு மண்ணாகக் கிடந்து, படிப்படியாக மேலே வந்தவர். கண்ணால் பார்க்காததை நம்ப மாட்டார், அவ்வளவுதான். அவர் பார்த்தவரை, பெட்டி ஒரு வருடமாகச் செய்த ஒரே காரியம், தன்னைக் குளிர வைத்துக்கொள்ள மின்சாரம் தின்றது. வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டால் பெட்டியைக் கழற்றிக் கிடங்கில் போட்டுவிடுவார்கள், அக்காவை மீட்டர் புகார் கவுன்டரில் உட்கார வைத்துவிடுவார்கள். இந்தப் பெட்டிக்காகக் குளிர்சாதனப் பாடத்தையும் காந்தப் பாடத்தையும் இந்த வயதில் மறுபடி உட்கார்ந்து படித்தவள் அவள்.

"நீங்க ஏன் மேடம் கவலைப்படுறீங்க," என்று லைன் ஃபோர்மன் ரகசியமாகச் சொன்னார். "கம்பத்து மேல ஒரு சங்கிலியத் தூக்கிப் போட்டா முடிஞ்சுது கதை. காக்கா போட்டுச்சுன்னு சொல்லிடலாம்."

"சங்கிலியத் தூக்குற அளவுக்குக் காக்கா எங்க இருக்கு?"

"அப்போ ரெண்டு காக்கா."

அவள் கையெடுத்துக் கும்பிட்டு அவரை அனுப்பி வைத்தாள். ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் தானாக வரும் ஃபால்ட்டுக்கும் ஆள் வைத்து வரவழைக்கும் ஃபால்ட்டுக்கும் வித்தியாசம் தெரியாதவள் இல்லை அவள்.

முடிவு சொல்லும் நாள் வந்தது. காலையிலேயே பிரயோஜனம் சார் கட்டுப்பாட்டு அறைக்கு வந்து, நீளமேசையின் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டார். ஃபோர்மன் சுவரோரம் நின்றார். அக்கா படம் காட்டினாள், ஆஸ்பத்திரியில் ஆளை உள்ளே தள்ளிப் படம் எடுக்கிற ஸ்கேன் மெஷினின் காந்தமும் இப்படி ஒரு மீகடத்தியால் ஆனதுதான் என்றாள், வெளியூர்களில் இதையே கேபிளாகப் பூமிக்குள் புதைத்திருக்கிறார்கள் என்றாள். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தார்.

"எல்லாம் சரிம்மா. ஆஸ்பத்திரிக்காரன் அதுல படம் எடுக்குறான். நம்ம பெட்டி இந்த ஒரு வருஷத்துல…"

அவர் முடிப்பதற்குள் மணி அடித்தது. பலகையில், லைன் ஓடுவதைக் காட்டும் சிவப்பு விளக்கு ஒன்று அணைந்து, வெட்டுப்பட்டதைக் காட்டும் பச்சை எரிந்தது. பிரேக்கர் திறந்துவிட்டது. எந்த ஃபீடர்? பெட்டி இருந்த ஃபீடர்!

அக்கா எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. அறையின் விளக்கு மினுக்கக்கூட இல்லை. மின்விசிறி அதுபாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே பெட்டியின் தலையிலிருந்து வெள்ளைப் பனி புஸ்ஸென்று எழுந்து, சுவருக்கு மேலே மெத்தையாகப் பரவியது. அவளுக்கு அந்த நிமிடம் பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

"பாத்தீங்களா சார்! பாத்தீங்களா! வேலை செஞ்சுடுச்சு!"

"இரும்மா, இரு. எவ்வளவு கரண்ட் வந்துது?"

அவள் ஃபால்ட் ரெக்கார்டரிடம் ஓடினாள். ஃபால்ட் வந்தால் தானாக விழித்துக்கொண்டு, எவ்வளவு வந்தது, எப்படி அடங்கியது என்று கோடு போட்டுக் காட்டும் கருவி அது. இந்த ஒரு நாளுக்காகவே வாங்கி வைத்தது. அதன் திரையில் ஒரு கோடும் இல்லை. நேற்று எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது.

பட்டனை அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள். அப்புறம்தான் உறைத்தது. பெட்டி வருவதற்கு முன்னால் அந்த லைனில் எவ்வளவு பெரிய கரண்ட் வந்தால் கருவி விழிக்க வேண்டும் என்று வைத்திருந்தார்களோ, அதே அளவை அவள் அப்படியே விட்டிருந்தாள். அவ்வளவு பெரிய கரண்ட்டை வரவே விடாத பெட்டியை நடுவில் நிறுத்திவிட்டு! திருடன் நுழைய முடியாத கதவைப் போட்டுவிட்டு, திருடன் கூடத்துக்கு வந்தால்தான் மணி அடிக்கும் என்று வைத்த கதை. ஒரு வருடம் தினமும் அந்தக் கருவியைத் துடைத்து வைத்தவள், இதை ஒருநாளும் யோசிக்கவில்லை. தலையில் அடித்துக்கொள்ளலாம் என்றால் ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிரயோஜனம் சார் எழுந்துபோய், வந்த கரண்ட்டை அளந்து பிரேக்கரைத் திறக்கச் சொல்லும் ரிலேயைப் பார்த்தார். அதில் சாதாரண எண் ஒன்று நின்றது.

"இது சின்ன ஃபால்ட்டும்மா. ஊர்க்கோடியில கம்பத்துல ஏதோ கிளை உரசியிருக்கும். தூரமாப் போகப் போக கரண்ட் குறையும்னு உனக்கு நான் சொல்லணுமா? இதுக்குப் பெட்டியே தேவையில்ல. அது இல்லாட்டியும் விளக்கு மினுக்கியிருக்காது."

"சார், பெட்டி அடக்கினதாலதான் அந்த எண் சின்னதா நிக்குது."

"அடக்குச்சுன்னு காட்டு."

அவள் வெற்றுத் திரையைப் பார்த்தாள்.

"இப்போ எனக்கு வேற சந்தேகம் வருது," என்றார் அவர். "ஒரு கிளை உரசினதுக்கே இப்படிப் புகைவிட்டு மிரளுதே, இதை நம்பி லைனைக் குடுக்கலாமா?"

வருடம் முழுக்க வேண்டிக்கொண்டது கைக்கு வந்து, வந்த கையோடு போய்விட்டது. அதைவிடக் கொடுமை, வந்தது அவள் கட்சிக்கே எதிராகச் சாட்சி சொல்கிறது. விழுந்து கிடந்த நாற்காலியை எடுத்து நிமிர்த்தி அதில் உட்கார்ந்தாள். மீட்டர் கவுன்டரில் ஜன்னலாவது இருக்குமா என்று தோன்றியது.

அப்போது வாசலில் ஒரே சத்தம். காவலாளி "யோவ், யோவ்!" என்று துரத்த, மண் அப்பிய பூட்ஸோடு தடித்த ஆள் ஒருவர் மூச்சிரைக்க உள்ளே ஓடி வந்தார். கையில் வாளி. வாளி நிறையத் தண்ணீர்.

"தீ எங்க? தீ எங்க?"

அறையில் இருந்த மூன்று பேரும் ஒரே குரலில் அலறினார்கள். "தண்ணிய கீழ வை!"

துணைமின் நிலையத்துக்குள் தண்ணீர் வாளியோடு ஓடி வருகிற ஆளைப் பார்த்தால் மின்சாரக்காரர்களுக்குக் குலை நடுங்கும். ஃபோர்மன் பாய்ந்துபோய் வாளியைப் பிடுங்கினார். பாதித் தண்ணீர் அவர் காலணிக்குள் போயிற்று. வந்தவர் திருதிருவென்று விழித்தார்.

"சுவருக்கு மேல புகை வந்துதுங்க. உள்ள ஆளுங்க மாட்டிக்கிட்டாங்களோன்னு வண்டிய நிறுத்திட்டு ஓடி வந்தேன்."

"அது புகை இல்லண்ணா, குளிர்ப்பனி. தீ எல்லாம் இல்ல," என்றாள் அக்கா. அந்த நிலையிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. "எந்த வண்டி?"

"பொக்லைன்தான். உங்க பின்சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணிக் குழாய்க்குப் பள்ளம் தோண்டிட்டிருக்கேன்."

பிரயோஜனம் சாரின் கையிலிருந்த தேநீர்க் கோப்பை பாதியில் நின்றது. "பின்சுவருக்கு அந்தப் பக்கமா? அங்க தோண்டக் கூடாதே. எங்க கேபிள் போகுது."

"கேபிளா? ஒண்ணும் தெரியலையே சார். ஒரு வேர்தான் குறுக்க இருந்துச்சு. நல்ல தடி வேர். பக்கெட்டால ஒரு இழு இழுத்தேன், கல்லுல பட்ட மாதிரி 'பட்'னு ஒரு பொறி. அவ்வளவுதான். நிமிர்ந்து பாத்தா சுவருக்கு மேல புகை."

ஃபோர்மனின் காலணியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

பிரயோஜனம் சார் கோப்பையை மெதுவாக வைத்தார். "லைனைப் பூட்டி எர்த் போடுங்க," என்றார் ஃபோர்மனிடம். குரல் வேறாக இருந்தது.

எர்த் போட்டாயிற்று, இனி லைனில் கரண்ட் வராது என்று சேதி வந்ததும் எல்லோரும் சுவரைச் சுற்றிப் போனார்கள். பள்ளம் நிலையத்தின் பின்சுவரை ஒட்டியே இருந்தது. மேலே பொக்லைன் மஞ்சள் கழுத்தைத் தூக்கியபடி நின்றது. தலைமைப் பொறியாளர் கால்சட்டையை முழங்காலுக்குச் சுருட்டிக்கொண்டு, கையை நீட்டியவர்களை எல்லாம் ஒதுக்கிவிட்டு, தானே பள்ளத்தில் இறங்கினார். குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். மண்ணைக் கையால் விலக்கினார். தொடை தடிமனுக்குக் கேபிள் தெரிந்தது. அதன் முதுகில் ஒரு கறுப்புப் பொத்தல். அவர் அதில் கட்டைவிரலை வைத்துப் பார்த்தார். விரல்கூட முழுசாக நுழையவில்லை. பிறகு எழுந்து பொக்லைனின் பக்கெட்டைத் தடவினார். ஒரு பல்லின் நுனி லேசாகக் கருகியிருந்தது.

அக்கா பள்ளத்தின் விளிம்பில் நின்றாள். ஃபால்ட் நிலையத்துக்கு எவ்வளவு கிட்டே வருகிறதோ அவ்வளவு பெரிதாக வரும். இது வாசற்படியிலேயே வந்திருக்கிறது. இதைவிடப் பெரிதாக அந்த லைனில் ஒரு ஃபால்ட் வர வழியே இல்லை. அது 'பட்' என்று ஒரு சத்தத்தோடு முடிந்திருக்கிறது, சுவருக்கு இந்தப் பக்கம் இருந்த யார் காதிலும் விழவில்லை. ரெக்கார்டர் போடாத கோட்டை அந்தப் பொத்தல் போட்டுக் காட்டியது. துள்ளிக் குதிக்கலாம் என்று வாயைத் திறந்தாள். அதற்குள் அவர் பேசினார்.

"நான் கேபிள் பிரிவுல இருந்தப்போ இதே மாதிரி ஒரு குழிக்குப் போயிருக்கேன். நிலையத்துக்கு இவ்வளவு கிட்ட. அங்க கேபிள் ஒரு ஆள் நீளத்துக்குக் கரியாயிருந்துச்சு. பக்கெட்ல பாதி உருகி ஓடியிருந்துச்சு." கருகிய பல்லிலிருந்து கையை எடுத்தார். "ஓட்டினவரைப் பத்திக் கேக்காதம்மா."

அவள் திரும்பிப் பொக்லைன்காரரைப் பார்த்தாள். அவர் தன் வண்டிச் சக்கரத்தில் அப்பிய மண்ணைக் குச்சியால் நோண்டிக்கொண்டிருந்தார். எவ்வளவு திட்டு விழும், வேலை இருக்குமா போகுமா என்ற கவலை முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. இந்த ஒரு வருடத்தில் எத்தனை முறை ஜன்னலில் நின்று வேண்டியிருப்பாள்! ஃபால்ட் என்றால் அவளுக்குத் திரையில் ஒரு கோடு, மேசையில் ஒரு வெற்றி. அதன் அந்த முனையில் ஒரு ஆள் நிற்பான் என்று ஒருநாள்கூட நினைத்ததில்லை. வெட்கமாக இருந்தது. அதே சமயம், அவர் முழுசாக நிற்பதைப் பார்க்கப் பார்க்க, சிரிக்க வேண்டும் போலவும் இருந்தது.

பிரயோஜனம் சார் பள்ளத்திலிருந்து ஏறி வந்து, மண் கையோடு அந்த ஆளின் இரண்டு தோள்களையும் பிடித்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"கை கால் எல்லாம் இருக்கா?"

"இல்லாம எங்க சார் போகும்?"

"அதானே," என்றார் அவர். "எங்க போகும்." பிறகு அக்காவைப் பார்த்துச் சொன்னார்: "பெட்டி இருக்கட்டும்மா. கேபிளா ஊருக்குள்ள போற மத்த லைனுக்கும் எத்தனை வேணும்னு எழுதிக் குடு. நான் கையெழுத்துப் போடுறேன்."

"ரெக்கார்டர் சார்…"

"அதை முதல்ல சரி பண்ணு. ஒரு கருவிய இப்படி வச்சவளை மீட்டர் கவுன்டர்ல உக்கார வைக்காம இருந்தது ஊருக்கு நல்ல வேளை."

ஃபோர்மன் சத்தமாகச் சிரித்தார். அக்காவும் சிரித்தாள், கண்ணில் தண்ணீரோடு. மூக்கைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள்.

பொக்லைன்காரரை உள்ளே அழைத்துப்போய் நீளமேசையின் தலைமாட்டில், பிரயோஜனம் சாரின் நாற்காலியிலேயே உட்கார வைத்தார்கள். அவர் நுனியில் உட்கார்ந்தார். தேநீர் வந்தது, தட்டு நிறைய பிஸ்கட் வந்தது. சாப்பிடச் சாப்பிட எல்லோரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவருக்கு விழுங்க முடியவில்லை.

"கேபிளையும் கெடுத்துட்டேன். தீயும் அணைக்கலை. எதுக்கு சார் எனக்கு இந்த உபசாரம்?"

அக்காதான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் எதிரில் உட்கார்ந்தாள். பெட்டியைப் பற்றிச் சொன்னாள். எப்போதும் சொல்வதில் கால்வாசிகூடச் சொல்லவில்லை. அந்தப் பள்ளத்தில் என்ன நடந்திருக்கும், எதனால் நடக்கவில்லை என்பதை மட்டும் சொன்னாள். அவர் பிஸ்கட்டைத் தட்டில் வைத்துவிட்டார். தன் இரண்டு கைகளையும் மேசைமேல் விரித்து, புதிதாக வாங்கி வந்த சாமானைப் பார்ப்பது போல் புரட்டிப் பார்த்தார்.

"இன்னொண்ணு சொல்லணும்ணா," என்றாள். சொல்லாமல் இருக்க முடியவில்லை. "இந்தப் பெட்டி வேலை செய்யுதுன்னு காட்டுறதுக்காக, எப்படியாவது ஒரு பெரிய ஃபால்ட் வரணும்னு ஒரு வருஷமா வேண்டிக்கிட்டே இருந்தேன். அது வர்ற இடத்துல உங்களை மாதிரி ஒருத்தர் இருப்பாருன்னு எனக்குத் தோணவே இல்ல. மன்னிச்சுக்கோங்க."

அவர் அவளை உற்றுப் பார்த்தார். பிறகு அவர் வயிறு குலுங்க ஆரம்பித்தது. சிரித்து முடித்துத் தேநீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தார்.

"பரவாயில்ல மேடம், வேண்டுனது பலிச்சுடுச்சு. எனக்கும் ஒண்ணும் ஆகலை." வாசல்வரை போய், காலி வாளியைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பினார். "ஆனா இனிமே வேண்டிக்காதீங்க. தோண்டுறது நாங்கதானே."